முட்டி வலி, மரத்த விரல், ஏறாத வேகம்

வணக்கம் சார்,

எனக்கு வயது 41. வீடு தண்டையார்பேட்டையில். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, எட்டு மணி நேரமும் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தபடிதான். ஒரு வருடத்துக்கு மேலாக வேலைக்குக் கியர் சைக்கிளில் போய் வருகிறேன். போக 9 கிலோமீட்டர், வர 9. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பழவேற்காடு வரை.

மூன்று மாதமாக இரண்டு முட்டியிலும் முன்பக்கம் வலி, மாடிப்படி இறங்கும்போது அதிகம். எக்ஸ்ரே நார்மல் என்றார் டாக்டர். முட்டிக்கு உறை (நீ-கேப்) போட்டு ஓட்டுகிறேன். அரை மணி நேரம் ஓட்டினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. தினமும் மூச்சு வாங்கத்தான் மிதிக்கிறேன், ஆனால் சராசரி வேகம் 22-ஐத் தாண்டவில்லை. சோர்வு வராமலிருக்க பாட்டிலில் குளுக்கோஸ் கலந்து கொண்டுபோகிறேன். லாரிகளுக்கு நடுவே சிக்னலில் நிற்க வேண்டியிருப்பதால் இரண்டு காலும் முழுசாகத் தரையில் ஊன்றுகிற மாதிரி சீட்டை வைத்திருக்கிறேன். உயரம் 168, எடை 76. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.0, மாத்திரை எதுவும் இல்லை.

லேசான சக்கரம் மாற்றலாமா, பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ வாங்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

வலி, மரப்பு, வேகம், சர்க்கரை என்று தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருவதாகத்தான் தெரிகிறது. நுனி எங்கே என்றால், போகிற போக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் சீட்டின் உயரத்தில். அதை விட்டுவிட்டு எதை மாற்றினாலும் பயன் இருக்காது.

முதலில் அளவெடுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்ட நின்று, பாதங்களுக்கு நடுவே 15 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து கோடு வரை எவ்வளவோ அதை 0.883-ஆல் பெருக்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு உள்கால் அளவு 77 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் விடை 68. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயை ஒட்டியே மேலே அளந்து, சீட்டின் மேற்பரப்பு வரைக்கும் இந்த 68 வர வேண்டும். இரண்டு பாதமும் தரையில் படிகிற சீட் இதற்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கும்.

தாழ்ந்த சீட்டில் பெடல் மேலே வரும் ஒவ்வொரு முறையும் முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது. மடங்கிய நிலையிலேயே முழு பலத்தோடு மிதிக்கத் தொடங்குகிறீர்கள். முட்டிச் சில்லு தொடையெலும்பின் பள்ளத்தில் அழுந்துகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று, போக வர ஒரு மணி நேரம் என்றால் ஒரு நாளில் ஒரு காலுக்கு 3,600 அழுத்தம். எலும்பு சரியாக இருப்பதால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. படி இறங்கும்போது வலிப்பதும் இந்த அழுத்தத்தோடு ஒத்துப்போகிறது. நீ-கேப் சூடும் தைரியமும் தரும், அழுத்தத்தைக் குறைக்காது.

ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் ஏற்றிவிடாதீர்கள். முதல் நாள் 3 சென்டிமீட்டர், பிறகு நான்கைந்து நாளுக்கு ஒன்று, கடைசி இரண்டை அரை அரையாக. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால், இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் கால் நேராக நீள வேண்டும். அதுதான் முடிவான சோதனை. பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது, அதே அடிநிலையில் முட்டியில் 25 முதல் 35 டிகிரி மடிப்பு தானாக மிஞ்சும். வலி முட்டிக்குப் பின்புறம் போனாலோ, பின்னால் வருகிறவர் இடுப்பு ஆடுகிறது என்றாலோ அரை சென்டிமீட்டர் இறக்குங்கள்.

சீட்டைத் தாங்கிப் பிரேமுக்குள் இறங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் போஸ்ட் போதாது, பிரேமே விரிசல் விடலாம். அதே விட்டத்தில் நீளமானது வாங்குங்கள். விட்டம் 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் என்று போஸ்ட்டிலேயே இருக்கும், கண்மதிப்பில் வாங்கக் கூடாது. நம் பக்கத்துக் கடற்காற்றில் இரும்பு பிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் அரித்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது சகஜம். அசையவில்லை என்றால் சுத்தியலை எடுக்காமல், துரு நீக்கும் எண்ணெயை இடுக்கில் விட்டு ஓர் இரவு ஊற வையுங்கள். வெளியே வந்ததும் துடைத்து, கிரீஸ் தடவிச் சொருகுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் இனி பிடிக்காது.

சீட் ஏறினால் சிக்னலில் எப்படி நிற்பது? சீட்டிலிருந்து இறங்கித்தான் நிற்க வேண்டும். சிக்னலுக்கு 20 மீட்டர் முன்பே இரண்டு மூன்று கியர் லேசாக்கி, வலது பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் எடையை ஏற்றுங்கள். பிரேக் பிடித்தபடி இடுப்பை சீட்டுக்கு முன்னால் நழுவ விட்டு, இடது காலை நடைபாதைப் பக்கம் ஊன்றுங்கள். கிளம்பும்போது வலது பெடல் மேலே, கொஞ்சம் முன்னால், கடிகாரத்தில் இரண்டு மணி முள் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். அதை மிதித்து எழும் வேகத்திலேயே சீட்டில் உட்கார்ந்துவிடலாம். தெருவுக்குள் 20 தடவை பழகிவிட்டுப் பிறகு மெயின் ரோட்டுக்கு வாருங்கள். இன்னொன்று, சிக்னலில் கன்டெய்னர் லாரியின் இடது பக்கம் ஒட்டி நிற்கவே கூடாது. அது இடப்பக்கம் திரும்பினால் டிரைவர் கண்ணில் நீங்கள் பட மாட்டீர்கள். லாரிக்குப் பின்னால் நில்லுங்கள், புகை வந்தாலும் பரவாயில்லை.

அடுத்து கியர். வலது முட்டி மேலே வருவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 60 பக்கம்தான் வரும் என்று நினைக்கிறேன். கனமான கியரில் அழுத்தி மிதித்தால்தான் உடற்பயிற்சி என்ற எண்ணம் நம்மிடையே பலமாக ஊறியிருக்கிறது. அதே வேகத்தை லேசான கியரில் 80, 85 சுற்றில் எடுத்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி தாங்க வேண்டிய விசை குறையும். முதல் பத்து நாள் கால் சும்மா சுற்றுவது போலவும் மூச்சு கூடுவது போலவும் இருக்கும். பிறகு பழகிவிடும்.

விரல் மரப்புக்கு வருகிறேன். சுண்டு விரல், மோதிர விரல் என்பது அல்நார் நரம்பின் பகுதி. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில், மணிக்கட்டை ஒட்டி அது மேலாக ஓடுகிறது. உடம்பின் எடை கையில் இறங்கினால் அங்கேதான் நசுங்கும். எடை ஏன் கையில் இறங்குகிறது? சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் சரிவீர்கள். ரசமட்டம் வைத்து நேராக்குங்கள். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் இதே கதை. வயிறும் முதுகும் தளர்ந்துபோனால் கைதான் தூணாகிறது, அதற்கான பயிற்சியைக் கீழே சொல்கிறேன். பிரேக் லீவரைத் தொடும்போது மணிக்கட்டு பின்னால் மடங்கினால் லீவரைக் கொஞ்சம் கீழே திருப்புங்கள். வடசென்னையில் மேம்பாலத்தை விட்டால் ஏற்றமே கிடையாது. மலைப் பாதையில் ஓட்டுபவர் தானாக எழுந்து உட்கார்வார், நாம் ஒரே நிலையில் உறைந்துவிடுகிறோம். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே எழுந்து பத்து மிதி மிதித்து, பிடியை மாற்றுங்கள். மரப்பு மறுநாளும் நீடித்தாலோ பிடிமானம் பலவீனமானாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

வேகம் ஏறாததற்குக் காரணம் தினமும் மூச்சு வாங்க ஓட்டுவதே என்பது என் கருத்து. களைப்பு சேரும் அளவுக்குக் கடினம், உடம்பு முன்னேறும் அளவுக்குக் கடினமில்லை. கூடவே, 22-லிருந்து 24 கிலோமீட்டருக்குப் போவது சின்ன விஷயமல்ல. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது, அந்த இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் ஏறத்தாழ 30 சதவீதம். வேலைக்குப் போவதை முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்துக்குக் குறையுங்கள். ஐந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் காற்றை இழுக்கும் நுரையீரல், வேகமாக மிதிக்கும்போது 60 லிட்டரைத் தாண்டும், அதுவும் மூக்கின் வடிகட்டல் இல்லாமல் வாய் வழியாக. மணலி வழியில் எந்தக் காற்று என்பது உங்களுக்கே தெரியும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் நிலையங்களின் அளவு கிடைக்கிறது. காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டிய நாளில் வேகப் பயிற்சி வேண்டாம். மார்கழி, தை விடிகாலையில் புகை தரையோடு படிந்து கிடக்கும், அப்போது வெயில் ஏறிய பிறகு கிளம்புவதே நல்லது. துணி மாஸ்க் புழுதியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது.

கடினமான பயிற்சி வாரத்தில் ஒரு நாள் போதும், அதுவும் முட்டி வலி அடங்கிய பிறகு. இடம் பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு போகும் சாலை. 15 நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு, ஓரிரு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்தில் 4 நிமிடம், பிறகு 3 நிமிடம் லேசாக. இப்படி நான்கு முறை. வேகமானியை நம்பாதீர்கள். கோடையில் திரும்பும் நேரத்துக்குத் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்து எதிரே நிற்கும், மார்கழியில் வடகிழக்குக் காற்று போகும்போது தடுத்து வரும்போது தள்ளும். மூச்சைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வயதுக்கும் சர்க்கரை அளவுக்கும் இதைத் தொடங்குமுன் ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் காலையில் எந்தப் பயிற்சியும் கூடாது. தூக்கம் கெட்ட உடம்பு பயிற்சியை வாங்கிக்கொள்ளாது, சர்க்கரையும் ஏறும். கண் சொக்கினால் சைக்கிளை அங்கேயே பூட்டிவிட்டு பஸ்ஸில் வாருங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் அரைத் தூக்கத்துக்கு இடமில்லை.

சைக்கிள் எவ்வளவு ஓட்டினாலும் தராத சில உண்டு. எடையை சீட் தாங்குவதால் எலும்புக்கு வேலை இல்லை, அதிகம் ஓட்டும் சாலைப் பந்தயக்காரர்களிடம் முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கால் ஒரே வட்டத்தில், இடுப்பு எப்போதும் மடங்கியே இருக்கிறது. உங்களுக்கு அதற்கு மேல் எட்டு மணி நேர நாற்காலி வேறு. வாரத்தில் இரண்டு நாள், 25 நிமிடம் ஒதுக்குங்கள்.

முக்கியமானது படியிறக்கம். வீட்டு மாடிப்படியின் முதல் படியில் ஒரு காலில் நின்று, மற்ற குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று விநாடி எடுத்து மெல்ல இறங்கி, தொட்டதும் ஏறுங்கள். கண்ணாடி எதிரே செய்யுங்கள். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் இடுப்பின் பக்கத் தசை வேலை செய்யவில்லை என்று பொருள். முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு காலுக்கு 8, மூன்று சுற்று. லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் கூடியிருந்தால் மரப்பலகை போட்டுப் படியின் உயரத்தைக் குறையுங்கள். பிறகு மல்லாந்து படுத்து, பாதம் ஊன்றி இடுப்பைத் தூக்கி இரண்டு விநாடி நிறுத்துவது, 12 தடவை. 10 கிலோ அரிசிப் பையை முதுகு வளையாமல், இடுப்பை மட்டும் மடக்கி எடுத்து நிமிர்வது, 10 தடவை. குப்புறப் படுத்து, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிக்கும் பிளாங்க் 30 விநாடி. கைவிரல் மரப்புக்கு மருந்து இந்தக் கடைசி இரண்டும்தான். ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவது 12. வலி முழுதும் போனபின் ஸ்கிப்பிங் கயிறு, 50 குதி போதும், எலும்புக்கு அது வேண்டும். ஷிஃப்ட்டில் மணிக்கொருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடங்கள்.

குளுக்கோஸ் பாட்டிலை இன்றே நிறுத்துங்கள். அரை மணி நேரப் பயணத்துக்குத் தசையிலும் ஈரலிலும் இருக்கும் சேமிப்பே தாராளம். 6.0 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, தினம் இரண்டு வேளை சர்க்கரைத் தண்ணீர் அதற்கு எதிரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கதையே வேறு. போக வர நூறு கிலோமீட்டர் பக்கம் வரும் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு வாழைப்பழம் 25 கிராம் அளவில் இருக்கும், கூட ஒன்றிரண்டு இட்லி. பசி எடுக்கும்வரை காத்திருக்காமல் முதல் மணி நேரத்திலிருந்தே சாப்பிடுங்கள். கிளம்புமுன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. உங்கள் எடைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறையவிடாதீர்கள். எடை கூடியிருந்தால் அதுவும் தவறு, வெறும் தண்ணீரை அதிகமாகக் குடித்து ரத்தத்தில் இருக்கும் உப்பை நீர்த்துப்போகச் செய்திருக்கிறீர்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்கலாம், உப்பு போட்ட நீர்மோரும் நல்லதே.

செயினை வாரம் ஒருமுறை துணியால் துடைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடையுங்கள். கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் 24 அரை அங்குலக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். டயரில் காற்றை வாரம்தோறும் அளந்து அடியுங்கள், எல்லை டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

ஆறு வாரத்தில் முட்டி தெளியவில்லை என்றால், அல்லது இடையில் வீங்கினால், மடங்கிச் சிக்கினால், இரவில் வலித்தால், எலும்பு மூட்டு மருத்துவரிடம் மறுபடி போங்கள்.

லேசான சக்கரம் இப்போது வேண்டாம். சமதளச் சாலையில் சக்கரத்தின் எடை பெரிதாக எதையும் மாற்றாது. கிளிப் ஷூவும் வேண்டாம். அது பாதத்தை ஒரே கோணத்தில் பூட்டிவிடும். சீட் தவறாக இருக்கும்போது அந்தத் தவறையும் சேர்த்துப் பூட்டும். அந்தப் பணத்தில் அளவுமானி வைத்த ஃப்ளோர் பம்ப், தேவைப்பட்டால் நீளமான சீட் போஸ்ட், பின்னால் பளிச்சென்ற ஒரு சிவப்பு விளக்கு வாங்குங்கள். ஷூவைப் பற்றி சீட் 68-இல் வந்து மூன்று மாதம் ஓட்டிய பிறகு கேளுங்கள், எழுதுகிறேன்.