முதலாளி செய்வது தப்பு, வேலையை விடலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். வராத சரக்கை வந்ததாகக் காட்டி ஜி.எஸ்.டி. பில் ஏற்றச் சொல்கிறார் முதலாளி. வேலையை விட்டால் பிரச்சினை தீருமா?

விட்டுவிடுங்கள். வேறு வேலை கிடைக்கட்டும் என்று இன்னும் ஆறு மாதம் ஓட்டாதீர்கள். ‘முதலாளி சொன்னார், செய்தேன்’ என்பது உங்களைக் காப்பாற்றாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் கணக்கு மோசடி வழக்கில் 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு 7 ஆண்டு சிறை விதித்தது. அதில் நிறுவனர் ராமலிங்க ராஜு மட்டுமில்லை, கணக்குப் பிரிவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள்.

ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக் கூடாது. முதலில் ஒரு மெயில் போடுங்கள்: ‘சரக்கு வரவு இல்லாத இந்தப் பில்லை என்னால் பதிவு செய்ய இயலாது.’ பில் எண், தேதி, அவ்வளவுதான். உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகட்டும். கம்பெனி மெயிலை மறுநாளே பூட்டிவிடலாம். ராஜினாமா கடிதத்தில் அந்த மெயிலின் தேதியைக் குறிப்பிடுங்கள். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதித் தரச் சொல்வார்கள், எழுதாதீர்கள்.

அப்புறம், பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. ஜி.எஸ்.டி. தளத்தின் ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது? பல இடங்களில் கணக்கரின் போனுக்குத்தான். விலகிய பிறகும், பழகிய முகமாயிற்றே என்று அந்த ஆறு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் விலகியதாகவே ஆகாது. எண்ணை மாற்றச் சொல்லுங்கள். டேலி கணக்கு மென்பொருளின் பாஸ்வேர்டை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். கம்பெனி கோப்புகளைப் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு மட்டும் வராதீர்கள். உங்கள் மேலேயே திருட்டுப் புகார் வரும்.

கேள்வி: சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், ஆனால் கட்டுவதில்லை. நான் விலகினால் அந்தப் பணம் போய்விடுமா?

போகாது. ஒவ்வொரு மாதப் பணத்தையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது வெறும் தாமதமல்ல, நம்பிக்கை மோசடிக் குற்றம். உங்கள் யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) பாஸ்புக்கைச் சம்பளச் சீட்டுகளோடு மாதம் மாதமாக ஒப்பிட்டு, விடுபட்டவற்றைக் குறித்துக்கொண்டு பி.எஃப். அலுவலகத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் கொடுங்கள். வேலையில் இருந்தாலும் கொடுக்கலாம், விலகிய பிறகும் கொடுக்கலாம். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: ‘இதே தொழிலில் வேறு எங்கும் சேர மாட்டேன்’ என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். வேலையை விட்டு வந்தபின் உங்கள் பிழைப்பைத் தடுக்கும் அந்த வரி, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி செல்லாது. இத்தனை ஆண்டு வேலை செய்தாக வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்டு வேறு விஷயம். ஒரு பொதுத்துறை வங்கியின் 2 லட்ச ரூபாய் பாண்டு செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி ஏதாவது கையெழுத்திட்டிருந்தால், ராஜினாமாவுக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: புது இடத்து இன்டர்வியூவில் காரணம் கேட்டால்?

உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாக: ‘கணக்கு விஷயத்தில் சில நடைமுறைகளுக்கு என்னால் உடன்பட முடியவில்லை.’ பழைய முதலாளியின் பெயரை இழுக்க வேண்டாம். மேலே கேட்டால், ‘அங்கே எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் வந்தேன்’ என்று சொல்லுங்கள்.