நடந்தும் தொடை மெலிகிறதே என்று கேட்ட சகோதரிக்கு

வணக்கம். 49 வயது, ஒரு வருடமாகத் தினம் 45 நிமிடம் நடக்கிறீர்கள், ஆனாலும் தொடை மெலிந்து, தரையில் உட்கார்ந்தால் கையூன்றித்தான் எழ முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். நடையை விடாதீர்கள், இதயத்துக்கு நல்லது. ஆனால் தசை வளர அது போதாது. பழகிய சுமைக்குத் தசை அசைந்துகொடுக்காது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் குறைவதும் தசை இழப்பைக் கூட்டும்.

இப்போதைக்கு ஜிம் தேவையில்லை, வீட்டு நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்கார்ந்து எழுங்கள். தொப்பென்று விழாதீர்கள், அந்த மெதுவான இறக்கத்தில்தான் பாதிப் பலன் இருக்கிறது. 10 முறை, சற்று ஓய்வு, இப்படி 3 சுற்று. வாரத்தில் 2 அல்லது 3 நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் 2 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், பிறகு 5 கிலோ. கெண்டைக்காலுக்குச் சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துங்கள். மூட்டு குத்தினால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

நீங்கள் சொன்ன இட்லி, ரசம் சாதம் எல்லாம் பெரும்பாலும் மாவுச்சத்து. உங்கள் 60 கிலோ எடைக்குத் தினம் 60 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். காலையில் இரண்டு முட்டை, மதியம் மீனோ கெட்டிப் பருப்போ, மாலையில் சுண்டல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

எட்டு வாரம் கழித்து, தரையிலிருந்து எழுவது எப்படி இருக்கிறது என்று அவசியம் எழுதுங்கள், காத்திருப்பேன்.