பிஜிஎஸ் கிரீன் வெச்சு ஹாஸ்டலுக்கு அரிசி கொடுக்கிறது

பிஜிஎஸ் கிரீன் சர்டிபிகேட் வெச்சு ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு அரிசி கொடுக்கலாமா, காலேஜ் மெஸ்ல ஏன் திருப்பி அனுப்பினாங்கன்னு கேட்டிருந்தீங்க. (பிஜிஎஸ்னா விவசாயிங்க குரூப்பா சேர்ந்து ஒருத்தர் நிலத்த ஒருத்தர் சரிபார்த்து வாங்குற ஆர்கானிக் சர்டிபிகேட் முறை.) கொடுக்கலாம், ஆனா பில்லுல "ஆர்கானிக்"னு போட முடியாது. காலேஜ் மெஸ்ல உங்க தூயமல்லி அரிசிய திருப்பி அனுப்பினதுக்கு அதுதான் காரணமா இருக்கும். பிஜிஎஸ் கிரீன்னா இன்னும் ஆர்கானிக்குக்கு மாறிக்கிட்டு இருக்கிற நிலம்னு அர்த்தம், அது முடிஞ்சாதான் பிஜிஎஸ் ஆர்கானிக், நெல் மாதிரி பயிருக்கு 24 மாசம் ஆகும்.

சர்டிபிகேட்ட எடுத்து மூணு விஷயம் பாருங்க: கிரீனா ஆர்கானிக்கா, தேதி முடிஞ்சிருச்சா, நெல்லுன்னு பயிர் பேர் இருக்கா. எங்க குரூப்பு சர்டிபிகேட்ல உளுந்து மட்டும்தான் ஏறியிருந்துச்சு, நெல்ல சேர்க்கவே இல்ல, மூட்டையெல்லாம் வண்டியில ஏத்தினப்புறம்தான் கவனிச்சோம், வண்டி வாடகை தண்டம்.

அப்புறம் வருஷத்துக்கு 12 லட்சத்துக்குக் கீழ வித்தா சர்டிபிகேட்டே வேணாம்னு சிலபேர் சொல்லுவாங்க. அந்த சலுகை சின்ன விவசாயி சாப்பிடுறவங்களுக்கே நேரா விக்கிறதுக்குத்தான், வாங்கி சமைச்சுப் போடுற மெஸ்ஸுக்கு அத நம்பி இறங்காதீங்க.

இப்போதைக்கு "பாரம்பரிய அரிசி, பிஜிஎஸ் கிரீன்"னு பில் போட்டு விலைய கொஞ்சம் இறக்கிக் கேட்டுப் பாருங்க. டெண்டர்லயே "ஆர்கானிக்"னு எழுதியிருந்தா மட்டும் இது செல்லாது. பணம் எத்தனை நாள்ல வரும்னு எழுத்துல வாங்கிக்கோங்க, மெஸ்காரங்க இழுத்தடிப்பாங்க.