அவசரச் சட்டத்துக்கு ஆயுசு எவ்வளவு?

கேள்வி: ஜல்லிக்கட்டுக்கு சுப்ரீம் கோர்ட் போட்ட தடையை 2017-ல் ஒரே அவசரச் சட்டத்தில் தூக்கிவிட்டார்களே, அப்படியானால் அரசு நினைத்தால் எந்தத் தீர்ப்பையும் மாற்றிவிடலாமா?
– வாசகர், பாலமேடு

பதில்: முடியாது. உங்கள் பக்கத்து ஊர் அலங்காநல்லூர்க்காரர்களுக்கு இது அன்றைக்கே தெரிந்திருந்தது. ஜனவரி 22-ல் அவசரச் சட்டத்தோடு ஜல்லிக்கட்டைத் தொடங்கிவைக்க மதுரைக்கு வந்த முதல்வர் ஓ.பன்னீர்செல்வம், நிரந்தரச் சட்டம் வந்தால்தான் மாட்டை அவிழ்ப்போம் என்று ஊரே மறித்து உட்கார்ந்ததால் சென்னைக்குத் திரும்பிப் போனார். வெறும் பிடிவாதம் என்றார்கள் சிலர். எனக்கென்னவோ விவரமான பிடிவாதமாகத்தான் பட்டது. அரசியல் சாசனத்தின் 213-வது பிரிவுப்படி சட்டசபை கூடாத நேரத்தில்தான் கவர்னர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். சபை கூடி ஆறு வாரத்துக்குள் அதைச் சட்டமாக்காவிட்டால் தானாகக் காலாவதியாகிவிடும். மறுநாளே சபை மசோதாவை நிறைவேற்றியது, பிப்ரவரி 10-ல் அலங்காநல்லூர் வாடிவாசல் திறந்தது.

அதற்கு முந்தைய வருஷம் என்ன நடந்தது? 2016 ஜனவரி 7-ல் மத்திய அரசு வெறும் அறிவிக்கை ஒன்றை வைத்துத் தடையைத் தாண்டப் பார்த்தது. ஐந்தே நாளில் கோர்ட் நிறுத்திவிட்டது. பொங்கலுக்காகக் குளிப்பாட்டி, கொம்பு சீவி வைத்திருந்த காளைகள் கட்டுத்தறியிலேயே நின்றன.

2009-ல் தமிழ்நாடு போட்ட சட்டமும் 1960-ம் வருஷத்து மத்திய மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோடு மோதியதால்தான் 2014-ல் ரத்தானது. 2017-ல் அந்த மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டு அளவில் திருத்தி, ஜனாதிபதி ஒப்புதலும் வாங்கினார்கள், அதனால் 2023 மே 18-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்றார்கள். தீர்ப்பு எந்தச் சட்டத்தின் மேல் நின்றதோ அந்தச் சட்டத்தை மாற்றலாம், அதையும் சபைதான் செய்ய வேண்டும். நம் ஊரில் சட்டசபை, தலைமைச் செயலகம் இரண்டும் ஒரே கோட்டைக்குள் இருப்பதாலோ என்னவோ, இரண்டையும் ஒன்றென்றே நினைத்துவிடுகிறோம்.

கேள்வி: 144 போடுகிற கலெக்டர் எப்படி மாஜிஸ்திரேட் ஆனார்?
– வாசகி, மேலூர்

பதில்: வெள்ளைக்காரன் காலத்து மிச்சம், வரி வசூலித்தவரே தண்டனையும் கொடுத்த காலம் அது. 1973-ம் வருஷத்து குற்றவியல் நடைமுறைச் சட்டம் விசாரித்துத் தண்டிக்கிற வேலையை நீதித்துறைக்குக் கொடுத்துவிட்டு, அமைதி காக்கிற உத்தரவுகளைக் கலெக்டர், தாசில்தார் பக்கம் விட்டுவைத்தது. அந்தச் சட்டத்தின் பழைய 144-வது பிரிவு, அதன் இடத்தில் வந்த புதுச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) இப்போது 163. கலெக்டர் போட்ட உத்தரவு இரண்டு மாதம்தான் நிற்கும், அதற்கு மேல் நீட்டிப்பது மாநில அரசின் கையில், அதுவும் ஆறு மாதம் வரைதான். உத்தரவே தப்பென்று பட்டால் மதுரை பஸ் ஏறுங்கள், ஒத்தக்கடை தாண்டியதும் ஐகோர்ட் கிளை.