ஜாவாஸ்கிரிப்ட் ரெஜெக்ஸில் எழுத்து மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கமாவை எடுக்க ரீப்ளேஸ் போட்டேன். முதல் கமா மட்டும்தான் போச்சு.

பதில்: ரெஜெக்ஸ் என்பது இரண்டு சாய்வுக்கோடுகளுக்கு நடுவே எழுதும் தேடல் வடிவம் (பேட்டர்ன்). அதன் கடைசிச் சாய்வுக்கோட்டுக்குப் பிறகு ஜி ஃப்ளாக் (g, "எல்லா இடத்திலும்" என்ற குறி) போடுங்கள். இல்லாவிட்டால் முதலில் அகப்பட்டதோடு நின்றுவிடும். இன்னொன்று: ரீப்ளேஸ் பழைய ஸ்ட்ரிங்கை, அதாவது உரையை, தொடாது, புதியதைத்தான் தரும். அதை ஒரு வேரியபிளில் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரில்) வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், "கிளி"யில் கி-யை மட்டும் எடுக்க /[கி]/ எழுதி ஜி-யும் போட்டேன். "ள" என்று மட்டும் வருகிறது. ளி எங்கே போனது?

பதில்: தமிழில் ரெஜெக்ஸ் எழுதும் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. கண்ணுக்குக் கி ஒரே எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் இரண்டு: க ஒன்று, கொக்கி ஒன்று. சதுர அடைப்புக்குள் போட்டதும் "க அல்லது கொக்கி, எது வந்தாலும்" என்று பொருளாகிவிடுகிறது. அதனால் க போனது, கி-யின் கொக்கி போனது, ளி-யின் கொக்கியும் சேர்ந்து போனது. அடைப்பை எடுத்துவிட்டு /கி/ என்று எழுதுங்கள், ளி தப்பிக்கும். கீ-யும் வேண்டுமானால் /கி|கீ/, நடுக்கோட்டுக்கு "அல்லது" என்று பொருள். "தமிழ்" என்பதன் லெங்த் (நீளம்) 5 என்று வருவதும் இதனால்தான்: த, ம, கொக்கி, ழ, புள்ளி.

கேள்வி: ஜி போட்டும் மாறவே இல்லையே?

பதில்: வேரியபிளில் வாங்கினீர்களா? முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் ரெஜெக்ஸ் எதற்கு? எல்லா இடத்திலும் மாற்றும் ரீப்ளேஸ்ஆல் 2021-லேயே வந்துவிட்டது. க-வை ச ஆக்க அதுவே போதும்.

பதில்: கமா, ஹைஃபன் என்றால் நானும் அதைத்தான் எழுதுவேன். தனி க-வை மட்டும் மாற்ற வேண்டுமென்றால்? "கணக்கு" உங்கள் வழியில் "சணச்சு" ஆகிவிடும்.

கேள்வி: க், கு எல்லாவற்றையும் முதலில் வேறு குறிகளாக மாற்றி வைத்து, பிறகு திருப்பினால் போகிறது.

பதில்: உயிர்மெய்க் குறிகள் 11, புள்ளி ஒன்று. போக 12 வரி, திரும்ப 12 வரி. அந்தக் குறி ஏற்கெனவே உரையில் இருந்தால் அதுவும் கெடும். ஒரே வரி போதும்: /க(?![ா-்])/, கூடவே ஜி. "பின்னால் துணைக்குறியோ புள்ளியோ இல்லாத க" என்று பொருள். "சணக்கு" என்று வரும். ஓட்டிப் பார்த்துவிட்டு வாதிடுங்கள்.

கேள்வி: "கொடி" என்று தேடினால் சில வரிகளில் மட்டும் அகப்படவில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

பதில்: கொ-வின் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடுவதற்கு முன் நார்மலைஸ் செய்யுங்கள், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அதுவும் புது ஸ்ட்ரிங்கைத்தான் தரும், வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரீப்ளேஸ்ஆலுக்கு ரெஜெக்ஸ் கொடுத்தால் டைப்எரர் என்ற பிழை வருகிறது.

பதில்: ரெஜெக்ஸில் ஜி இல்லை. போடுங்கள்.