வாசகர் கேள்வி–பதில்: இயக்கங்களும் அவற்றின் ஏடுகளும்

கேள்வி: இத்தனை நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் இருக்கும்போது ஓர் இயக்கம் தனக்கென்று தனி ஏடு நடத்த வேண்டிய அவசியம் என்ன? – மதுரை வாசகர்

பதில்: 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் பம்பாயில் 'மூக்நாயக்' என்ற மராத்தி இதழைத் தொடங்கியபோது, அதற்கான விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியிடக்கூடத் திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். ஒரு செய்தியைப் போடுவதும் விடுவதும் ஆசிரியரின் உரிமை என்று வாதிடலாம். காசு கொடுத்தும் இடம் கிடைக்காது என்றான பிறகு சொந்தமாக அச்சடிப்பதைத் தவிர வேறு வழி ஏது? அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1907 ஜூனில், அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கங்களில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். யாருக்காக அந்த ஏடு என்பதை அதன் விலையே தலைப்பில் நின்று அறிவித்தது.

கேள்வி: இயக்க ஏடுகளை ஏற்கெனவே அந்தக் கருத்தை ஏற்றவர்கள்தாம் வாங்குகிறார்கள். அப்படியிருக்க, அவை யாரை மாற்றிவிட முடியும்? – ஈரோடு வாசகர்

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது பொருத்தம்தான். 1925 மே 2 அன்று ஈரோட்டில் 'குடி அரசு' தொடங்கப்பட்டபோது பெரியார் காங்கிரசில்தான் இருந்தார். காஞ்சிபுரம் மாநாட்டில் அவர் வெளியேறியது அந்த நவம்பரில். ஆக, சுயமரியாதை இயக்கம் தனக்கு ஒரு பத்திரிகை வைத்துக்கொண்டது என்பதைவிட, பத்திரிகை முன்னே வந்து இயக்கம் பின்னே திரண்டது என்பதே சரி. (தொடக்கி வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள், ஒரு சைவ மடத்தின் தலைவர்! பின்னாளில் அந்த ஏடு போன திசையை அன்று யார் ஊகித்திருப்பார்?)

எதிர்க்கருத்துடையவரை மனம் மாற்றுவது இத்தகைய ஏடுகளின் முதல் வேலை என்று நான் கருதவில்லை. ஒத்த எண்ணமுடையவர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்த காலத்தில், தாம் தனி ஆள் இல்லை என்பதை அவர்களுக்குத் தெரிவித்ததே அவை செய்த பெரிய காரியம். 'குடி அரசு' இதழில் வந்த சுயமரியாதைத் திருமணச் செய்திகளைப் பாருங்கள். எந்த ஊரில், யார் தலைமையில், புரோகிதர் இல்லாமல் திருமணம் நடந்தது என்ற சில வரிகள்தாம் இருக்கும். ஆனால் தன் வீட்டுப் பெரியவர்களிடம் பேசத் தயங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞருக்கு, நீண்ட தலையங்கம் தராத துணிவை அந்தச் சில வரிகள் தந்திருக்கும். சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொல்லும் கட்டுரைகளோடு அந்த ஏடு நின்றுவிடவில்லை. 1927 டிசம்பரில் ஆசிரியர் பெரியாரின் பெயரிலிருந்தே 'நாயக்கர்' என்ற பட்டம் நீங்கியது. வாசகர் தானும் செய்து பார்க்கக்கூடிய ஒன்றை ஏடு தன் மேலேயே செய்து காட்டியது.

கேள்வி: ஒரு பக்கம் சாய்ந்த ஏட்டை உண்மைக்கு எப்படி நம்புவது? – நாகர்கோவில் வாசகர்

பதில்: சார்பைப் பார்க்காதீர்கள், எதிர்த்தரப்பின் வாதத்தை அது எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். 'சாதி ஒழிப்பு' உரையை 1936இல் அம்பேத்கர் நூலாக்கியதும் காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் அதை விமர்சித்தார். 1937இல் வந்த மறுபதிப்பில் அம்பேத்கர் அந்த விமர்சனத்தையும் சேர்த்து அச்சிட்டு, அதன்பின் தம் பதிலை வைத்தார். இதைச் செய்ய அஞ்சும் ஏட்டைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: கைப்பேசி வந்துவிட்ட பிறகு அச்சு ஏடு எதற்கு? எங்கள் அமைப்பு யூடியூப் சேனல் மட்டும் போதும் என்று முடிவெடுத்திருக்கிறது. – தூத்துக்குடி வாசகர்

பதில்: வேகத்தில் கைப்பேசியோடு எந்த ஏடும் போட்டியிட முடியாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் அவ்வளவு பெரிய கூட்டம் சேர்ந்ததில் முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இருந்த பங்கை எல்லோரும் அறிவர்.

ஆனால் அடக்குமுறை வரும்போது நிலைமை வேறு. 1933 அக்டோபரில் எழுதிய ஒரு தலையங்கத்துக்காகப் பெரியாரும், வெளியீட்டாளரான அவருடைய தங்கை கண்ணம்மாளும் சிறைக்குப் போனார்கள். 'குடி அரசு' நின்ற அந்த நவம்பரிலேயே 'புரட்சி' என்ற பெயரில் வேறோர் ஏடு வந்தது. அதுவும் நின்றபின் 1934இல் 'பகுத்தறிவு' வந்தது. 1935இல் 'குடி அரசு' மீண்டும் வந்துவிட்டது. ஒன்றை மூடினால் இன்னொன்றைத் திறக்க அச்சும் ஆட்களும் சந்தாதாரர் பட்டியலும் அவர்கள் கையிலேயே இருந்தன. 2018 மே 22 அன்று உங்கள் ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்த அரசுக்கு ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. எத்தனை சேனல்கள் இருந்தும் அந்த நாட்களில் அங்கிருந்தவர்களுக்குப் பயனில்லை.

ஆகவே சேனலைத் தொடங்குங்கள். 'மட்டும்' என்பதை மறுபடி யோசியுங்கள். மாதம் ஒருமுறை நான்கு பக்கத் துண்டிதழ் அச்சிட்டு ஆள் மூலம் கொடுக்கும் ஏற்பாட்டையும், உறுப்பினர்களின் முகவரிகளைத் தாளில் எழுதிய ஒரு பதிவேட்டையும் இப்போதே செய்துகொள்ளுங்கள். ஒளிப்பதிவுகளின் மூலப் பிரதிகளையும் யூடியூபை நம்பி விட்டுவிடாமல் உங்களிடமே வைத்திருங்கள்.