தராசுக்கு 'எப்பக்கல்' தகுமா?

கேள்வி: எங்கள் ஊரில் தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகைக்கு எலக்ட்ரானிக் தராசு வாங்கியிருக்கிறோம். திறப்பு விழா அழைப்பிதழில் 'எப்பக்கல் ஈவன்ட்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்துவிட்டார்கள். 'எபிக்' என்பதுதான் அப்படி மாறிவிட்டதோ என்கிறாள் என் மகள். இப்படி ஒரு சொல் உண்டா ஐயா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: உண்டு. எபிக் காவியம், இது வேறு. 'ஈப்பாக்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது (அமெரிக்கர்கள் அதையே 'எப்பக்' என்பார்கள்). மூலம் கிரேக்கம். அங்கே அதற்கு நிறுத்தம் என்று பொருள். அப்புறம், காலத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி என்று ஆயிற்று. கம்ப்யூட்டர்காரர்கள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுகிறார்களே, அந்தத் தேதியும் அவர்களுக்கு ஈப்பாக்தான்.

நம் 'சகாப்த'மும் அப்படிப் பிறந்ததே. சக அப்தம், அதாவது சக ஆண்டு. கி.பி. 78இல் தொடங்கும் கணக்கு. வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் முதல் பக்கத்தைப் புரட்டுங்கள், 'சாலிவாகன சகாப்தம்' என்று இருக்கும். ஆக எப்பக்கல் என்றால், பழைய கணக்கை முடித்துப் புதுக் கணக்கைத் தொடங்கி வைக்கிற நிகழ்ச்சி. சகாப்தம் படைத்தது என்று எழுதலாம்.

குன்னூரில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தினேன். இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியது இரண்டே தடவை. ஒரு தடவை நம் ரயிலுக்காக. மேட்டுப்பாளையத்திலிருந்து மாட்டு வண்டியில் ஏறிய மலைக்கு 1899இல் பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு ரயில் வந்து சேர்ந்தது. அது எப்பக்கல். 1908இல் அது ஊட்டி வரை நீண்டதற்கு 'மொமென்டஸ்', அதாவது மிக முக்கியமானது, என்றால் போதும் என்பேன். ஊட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது பெருமைதான், ஆனால் மறுநாளும் நாங்கள் அதே ஜன்னல் சீட்டுக்குத்தான் முண்டியடித்தோம். இன்னொரு தடவை எதற்கு எழுதினேன் என்று சத்தியமாக நினைவில்லை.

'வெரி எப்பக்கல்' என்று மட்டும் யாரும் பேசிவிட வேண்டாம். இத்தனை பெரிய சொல்லுக்கு 'வெரி' ஒட்டாது.

அழைப்பிதழைத் திருப்பி அச்சடிக்க வேண்டியதில்லை. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்காமல், தராசு காட்டுகிற கிலோவையே அப்படியே சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள் என்றால் எனக்கு எழுதுங்கள். எப்பக்கல் சரிதான் என்று இதே பக்கத்தில் ஒப்புக்கொள்கிறேன்.